ஞானத்தகப்பன் கொடுத்த மணல்

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குத் தளம் போடுகிறார்கள் என்றால் அன்றைக்கு என் மில் ஓடாது. சோளம் அரைக்க வருகிற பெண்கள் எல்லாரும் தளம் போடுகிற வீட்டு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஆண்கள் கலவைச் சட்டி கைமாற்ற வரிசையில் நிற்பார்கள். ஆளில்லாத மில்லில் நான் மட்டும் உட்கார்ந்து பட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? நானும் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவேன். போகாமல் இருந்து பாருங்கள், நாளைக்கு நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்காது.

அன்றைக்கு எதெல்வீனா வீட்டுத் தளம். பூகம்பம் வந்து நாலு வருஷம் ஓடிவிட்டது. எங்கள் தெருவில் இன்னும் தார்ப்பாய்க்குக் கீழே படுக்கிறவர்கள் அவளும் அவள் மகள் நெரேய்தாவும்தான். அவளுக்கு வீடு மட்டும் போகவில்லை, புருஷன் ரொசேந்தோவும் போனார். எல்லாரும் வெளியே ஓடியபோது அவர் மகளை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் வந்தார். வாசற்படிக்கு மேலே இருந்த பீம் அவர் முதுகில் இறங்கியது. நல்ல மனுஷன். சத்தமாகச் சிரிப்பார், காயலில் வலை வீசினால் பாதியைத் தெருவுக்கே கொடுத்துவிடுவார்.

அதற்குப் பிறகு எதெல்வீனா இறாலை உப்புப் போட்டு, காயவைத்து, தலையில் கூடை வைத்துச் சந்தைக்குப் போய் விற்று, ஒரு வருஷம் அஸ்திவாரம், ஒரு வருஷம் சுவர் என்று எழுப்பிக்கொண்டு வந்தாள். இப்போது சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, எல்லாம் தயார். மே மாதக் கடைசி. தெற்குக் காற்று காயலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து உடம்பில் அப்பியது. மழை இன்றோ நாளையோ என்று நின்றது. நெரேய்தா வேறு நிறை வயிறாக இருந்தாள். அவள் புருஷன் துறைமுகத்தில் இறால் படகில் வேலை பார்ப்பவன், மாதக்கணக்கில் கரைக்கு வரமாட்டான். குழந்தை பிறக்கும்போது தலைக்கு மேல் தளம் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தாய்க்கும் மகளுக்கும் ஒரே பேச்சு.

தளம் போடுவதென்றால் எங்களுக்கு ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு ஞானத்தகப்பன் நிற்க வேண்டும். கல்யாணத்தில் மோதிரத்துக்கு ஒருத்தர், மேளத்துக்கு ஒருத்தர் என்று நிற்பதில்லையா, அதே மாதிரி சிமெண்டுக்கு ஒருத்தர், கம்பிக்கு ஒருத்தர், பீருக்கு ஒருத்தர். கொடுப்பவர் அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வருவார். கொடுத்ததை நாம் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். குறை சொன்னால் உறவு முறிந்தது என்று அர்த்தம். இந்த முறையில் உறவானவர்களை, ஆண் என்றால் கொம்பாத்ரே, பெண் என்றால் கொமாத்ரே என்போம். எங்கள் ஊரில் கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், கொம்பாத்ரேயோடு போடக் கூடாது.

ஜல்லிக்கு நின்றவர் எதெல்வீனாவின் சித்தப்பா மகன். மலைக் குவாரியிலிருந்து நல்ல கருங்கல் ஜல்லி வந்தது. ஆனால் உடைத்த தூசி மாவாக ஒட்டியிருந்தது. எதெல்வீனா அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. தாயும் மகளும் குழாயடியில் சல்லடையை வைத்துக் கூடை கூடையாக அலசினார்கள்.

"பேரப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடியே குளிப்பாட்டிப் பழகுறா டோய்," என்று தெருவே சிரித்தது.

"ஆமா, அழுக்குப் பிள்ளைய எவளாவது தூக்கி வச்சுக்குவாளா?" என்றாள் அவள்.

மணலுக்கு நின்றவர் புல்மாரோ. நெரேய்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தியவர். ரொசேந்தோவும் அவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். சொந்தமாக லாரி வைத்திருக்கிறார். ரொசேந்தோ செத்த அன்றைக்குப் பெட்டி வாங்கியதிலிருந்து குழி வெட்டியது வரை அவர்தான் முன்னால் நின்றார். அவர் கொடுக்காமல் வேறு யார் கொடுப்பது?

மணல் வந்து இறங்கியபோது எதெல்வீனா சந்தையில் இருந்தாள். திரும்பி வந்து பார்த்தபோது வாசலில் வெள்ளை வெளேரென்று ஒரு குன்று. போகிற வருகிறவர்கள் எல்லாம் கையில் எடுத்துப் பார்த்து, "அரிச்ச மாவு மாதிரில்ல இருக்கு!" என்றார்கள். அவளும் போய் புல்மாரோவுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

தளம் போடுகிற அன்று விடியும்போதே கூட்டம் சேர்ந்துவிட்டது. கொல்லையில் பெரிய பானையில் மாட்டுக்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பானை அடுப்பின் உள்சுவரில் ஒட்டிச் சுடுகிற தொதோப்போ ரொட்டியை நான் சுட்டு அடுக்கினேன். மேஸ்திரி ஒதிலோன் கலவை மெஷினுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான். வாய் ஓயாத ஆள்.

"சட்டியைக் கீழ போட்டவனுக்கு இன்னைக்கு பீர் கிடையாது, சொல்லிட்டேன்," என்று ஏணியில் நின்றவர்களை மிரட்டினான்.

"உனக்கு முதல்ல கிடையாது. போன தடவை நீதான் சட்டியோட விழுந்தே," என்றான் ஒருத்தன்.

புல்மாரோ வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, புதுத் தொப்பி, முறுக்கிவிட்ட மீசை. பக்கத்தில் அவர் மனைவி செலரீனா, பூப்போட்ட வெல்வெட் ரவிக்கையும் தங்கக் காசுச் சங்கிலியுமாக. மணலில் முதல் மண்வெட்டி போடுவது அவருடைய பாத்தியதை. அதற்கு முன்னால் வீட்டுக்காரி மணல் குவியலில் பூச்சுற்றிய ஓலைச் சிலுவையை நட வேண்டும்.

எதெல்வீனா சிலுவையை நட்டாள். அது சரிந்தது. மணலைப் பறித்து ஆழமாக நடுவதற்காக முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, நாக்கில் வைத்தாள். பிறகு துப்பினாள்.

"ஒதிலோன், மெஷினைப் போடாதே."

"இன்னும் போடவே இல்லியேக்கா."

"போடாதேன்னு சொல்றேன்ல."

என் பக்கம் திரும்பினாள். "மில்லக்கா, இங்க வாங்க. இதை வாயில போட்டுப் பாருங்க."

"எனக்கென்னடி தலையெழுத்து, மண்ணைத் தின்ன?" என்றேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயில் போட்டுக்கொண்டேன். கரித்தது. மேலேயிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒன்றுமில்லை, வெறும் மண். மறுபடி உள்ளேயிருந்து எடுத்தேன். உப்பு. சந்தேகமே இல்லை.

"என்ன கொமாத்ரே, என் மணல்ல ருசி பாக்குறே? எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தரவா?" என்று புல்மாரோ சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

"இது எங்க அள்ளினது கொம்பாத்ரே?"

"மணல் எங்க இருக்குமோ அங்க."

"ஆத்துலயா, காயல்லயா?"

சிரிப்பு நின்றது. புல்மாரோ தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார். "ஆத்துக்குப் போற வழியை மேலூர்க்காரன் பாறாங்கல்லைப் போட்டு மறிச்சு வச்சிருக்கான். உனக்குத் தெரியாதா? எங்க ஆத்தைத் தோண்டித் தோண்டிக் கிணறு வத்திப்போச்சுங்கிறான். அங்க போயி கெஞ்சிட்டு நின்னா உன் தளம் அடுத்த வருஷம்தான். காயல் திட்டுல அள்ளினேன். அள்ளி நேரா இங்கயா கொண்டுவந்து கொட்டிட்டேன்? போன மழைக்காலம் முழுக்க என் கொல்லையில போட்டு வச்சிருந்தேன். மழையில நனைஞ்சு உப்பெல்லாம் போயாச்சு. ஒரு மழை பாத்த மணல் ஆத்து மணல்தான். நம்ம ஊர்ல காலங்காலமா அப்படித்தான் செய்யறோம்."

அது உண்மைதான். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். காயல்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அதன் மீனைத் தின்கிறோம், அதன் உப்பை விற்கிறோம், அதன் மணல் மட்டும் கெட்டது என்று யாருக்குத் தோன்றும்? பார்க்க வெள்ளையாக, சுத்தமாக வேறு இருக்கும். ஆற்று மணலாவது பழுப்பாக, சருகும் களிமண்ணுமாக வரும்.

"மேல இருக்கிறது மழை பாத்த மணல்," என்றாள் எதெல்வீனா. "வந்த அன்னைக்கு மேலாப்புல எடுத்து நாக்குல வச்சுப் பாத்தேன், கரிக்கல, அதான் நம்பிட்டேன். போன வருஷம் மழை எங்க பெஞ்சுது? தூத்தலோட போச்சு. குவியலுக்குள்ள தண்ணியே இறங்கல. உள்ள அப்படியே உப்பு."

"கொஞ்சம் உப்பு இருந்தா என்னக்கா?" ஒதிலோன் நடுவில் புகுந்தான். "சிமெண்டு சட்டிக்கு ஒரு கை கூடப் போட்டுக்கறேன். கல்லு மாதிரி இறுகிடும்."

"கல்லு மாதிரிதான் இறுகும். நான் இல்லேங்கல. உப்பு சிமெண்டை ஒண்ணும் பண்ணாதுடா, உள்ள இருக்கிற கம்பியைத் தின்னும். வெளிய பாத்தா தளம் தளமாட்டம் இருக்கும். உள்ள கம்பி இருக்காது."

"இவ எப்ப என்ஜினியருக்குப் படிச்சா?" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

எதெல்வீனா அந்தப் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. அவள் கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துகிற ரகம்.

"நான் எங்கயும் படிக்கல. என் புருஷன் மேல கெடந்த பீமைப் புரட்டினப்ப பக்கத்துல நான்தான் நின்னேன். எல்லாரும் அவரைப் பாத்தீங்க. நான் பீமையும் பாத்தேன். கட்டைவிரல் தண்டி வச்ச கம்பி ஈர்க்குச்சி தண்டிக்கு இருந்துச்சு. தொட்டா துரு ஏடு ஏடா உதிருது. சிமெண்டுல சின்னச் சின்னச் சிப்பி. காயல் சிப்பி. அந்த மணலை அவர்தான் படகுல அள்ளிக்கிட்டு வந்தார். வெள்ளை மணல், காசில்லாத மணல்னு பெருமையா அள்ளிக்கிட்டு வந்தார். பூகம்பம் அவரைக் கொல்லல. ஆத்து மணல்ல கட்டின பக்கத்து வீட்டையும்தான் அது ஆட்டிச்சு, அது நிக்கலையா? அவர் கொண்டுவந்த மணல்தான் அவரைக் கொன்னுச்சு."

செத்தவர் மேல் குறை சொல்வது எங்களிடம் கிடையாது. அவர்களுக்குப் பூப் போடுவோம், பீர் ஊற்றி வைப்போம், குறை மட்டும் சொல்ல மாட்டோம்.

செலரீனா அழுதேவிட்டாள். "செத்துப்போன மனுஷனை இப்படிப் பேசலாமா கொமாத்ரே? உன் நாக்கு அழுகிடாது?"

"அவரைப் பத்தி நான் பேசாம வேற யாரு பேசுவா? நாலு வருஷமா வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். இந்த மணல் என் வாசலுக்கு வர்ற வரைக்கும்."

புல்மாரோவின் முகம் கறுத்துப்போயிருந்தது. "எல்லாரும் கேட்டுக்கங்க. நான் மணலுக்கு நின்ன ஞானத்தகப்பன். என் மணலை ஊர் பாக்கத் துப்பிட்டா. என் மணல் வேண்டாம்னா நானும் வேண்டாம்னுதான் அர்த்தம்."

"நீங்க வேணும் கொம்பாத்ரே. மணல்தான் வேண்டாம்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"எனக்கு வேற வேற."

அப்போதுதான் நெரேய்தா வந்தாள். இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் நின்றாள். "அம்மா, போட்டுரலாம்மா. எல்லாரும் போட்டுருக்காங்க. இந்த மழையும் தார்ப்பாய்லயா? ரெண்டு வருஷம் முன்னாடி படுக்கையோட தண்ணில மிதந்தோமே. என் பிள்ளை அதுலயா பொறக்கணும்? கெஞ்சிக் கேக்கறேன்மா."

எதெல்வீனாவுக்கு அது எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும். மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஆனால் மனம் மாறவில்லை.

"தார்ப்பாய் விழுந்தா யாரும் சாக மாட்டாங்கடி," என்றாள்.

ஒதிலோன் மெஷினை விட்டு இறங்கிக் கைகட்டி நின்றான். ஏணியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கீழே வந்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் கூட்டம் யார் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டுமா? கொடுத்தவர் பக்கம்தான். "பிடிவாதக்காரி", "நன்றி கெட்டவ" என்று என் காதிலேயே விழுந்தது. அதைச் சொன்னவளுக்கு நான் சுடச்சுட ஒரு ரொட்டியைக் கொடுத்து, "வாயில வச்சு அடைச்சுக்க" என்றேன்.

புல்மாரோவுக்குக் கூட்டம் தன் பக்கம் என்று தெரிந்ததும் தைரியம் வந்துவிட்டது. "என் வீடு தெரியும்ல? ஊர்ல முதல்ல எழும்பின வீடு. பூகம்பம் முடிஞ்ச மறு வருஷமே தளம் போட்டேன். எந்த மணல்ல? இதே காயல் மணல்ல. நிக்கலையா? என் மக, பேரப்பிள்ளைங்க எல்லாம் அதுக்குக் கீழதான் படுக்குறாங்க. நான் என்ன பைத்தியக்காரனா, என் பேரப்பிள்ளைங்களைக் கொல்றதுக்கு?"

எதெல்வீனா அவரையே பார்த்தாள். அவள் அதுவரை அதை யோசித்திருக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அதிலிருந்த பிடிவாதம் போய் வேறு ஏதோ வந்தது. பயம் என்றுதான் நினைக்கிறேன்.

"வாங்க, போய்ப் பாப்போம்," என்றாள்.

"என்னத்தை?"

"உங்க வீட்டை."

ஒதிலோனின் சுத்தியலை எடுத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் புல்மாரோ, செலரீனா, ஒதிலோன், நான், அப்புறம் ஊரே. சுவாமி ஊர்வலத்துக்குக்கூட எங்கள் தெருவில் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. குழம்புக்குக் காவல் ஒரு ஆள்கூட இல்லை.

புல்மாரோ வீடு தெருக்கோடியில், காயலைப் பார்த்த மாதிரி இருக்கும். ரோஜா வண்ணம் அடித்து, ஜன்னலுக்கு நீல வண்ணம் அடித்து, பார்க்க அழகுதான். கூடத்தின் குறுக்கே ஒரு பீம். அதில் கொக்கி போட்டு வரிசையாக வலைத்தூளிகள். ஒன்றில் புல்மாரோவின் மகள் வயிற்றுப் பேத்தி, சின்னக் குழந்தை, வாயைத் திறந்துகொண்டு தூங்கியது.

எதெல்வீனா மேலே பார்த்தாள். பீமின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் காபி சிந்தின மாதிரி ஒரு பழுப்புக் கோடு. அதன் மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அதையும் மீறி மறுபடி கசிந்திருந்தது.

"அது மழை ஒழுகல்," என்றாள் செலரீனா. "வருஷா வருஷம் வெள்ளையடிச்சிடுவோம்."

"தளத்துல ஒழுகலாம். பீமுக்கு அடியில எப்படி ஒழுகும்?"

செலரீனா அந்தக் கோட்டை மறுபடி அண்ணாந்து பார்த்தாள்.

"பிள்ளையைத் தூக்குங்க," என்றாள் எதெல்வீனா. நான் தூளியிலிருந்து குழந்தையை வாரி எடுத்து வெளியே நின்ற அதன் தாயிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

"கொம்பாத்ரே, உங்க வீடு. தட்டட்டுமா?"

"தட்டு. ஒரு காரை விழுந்தாலும் நான் மீசையை எடுத்துடறேன்."

நாற்காலி மேல் ஏறிச் சுவர் ஓரமாகத் தட்டினாள். கணீரென்று கேட்டது. புல்மாரோ எங்களைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு கோட்டுக்குப் பக்கத்தில் தட்டினாள். சத்தம் மாறியது. புழுத்த பூசணிக்காயைத் தட்டினால் கேட்குமே, அந்தச் சத்தம். பலமாகக்கூட அடிக்கவில்லை. ரொட்டித் தட்டு அகலத்துக்கு ஒரு பாளம் பெயர்ந்து, தூளியின் மேல் விழுந்து, தூளியைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுந்து உடைந்தது.

குழந்தை படுத்திருந்த தூளிதான்.

செலரீனா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். மேலே கம்பி தெரிந்தது. உப்பி, வெடித்து, ஏடு ஏடாக. ஒதிலோன் நாற்காலியில் ஏறி அதைக் கிள்ளினான், துரு அவன் விரலோடு வந்தது. இரண்டாவது இடத்தில் தட்டினான், மூன்றாவது இடத்தில் தட்டினான். கூடம் முழுக்க அதே சத்தம். அவன் இறங்கி வந்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"இது நான் போட்ட தளம்ணே," என்றான் புல்மாரோவிடம். அவனுடைய வாய்த்துடுக்கு எங்கே போனதோ தெரியவில்லை. "என் கையாலதான் போட்டேன். அடுத்த ஆட்டம் வேண்டாம், ஒரு பெரிய மழை தாங்காது. இனி யாரையும் உள்ள படுக்கவிடாதீங்க."

மீசையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. புல்மாரோ உடைந்த பாளத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு சின்ன வெள்ளைச் சிப்பி பதிந்திருந்தது. அவர் விரல் அதன் மேலேயே நின்றது.

எதெல்வீனா மேஸ்திரி பக்கம் திரும்பினாள்.

"ஒதிலோன், இதை அப்படியே விட்டா தானா விழும். முட்டுக் கொடுத்து இறக்கணுமா இல்லியா?"

"இறக்கணும்க்கா. ஆனா முட்டுக்கு எங்க போறது? இருக்கிற முட்டெல்லாம் உங்க சென்ட்ரிங்குலல்ல நிக்குது."

"அப்ப அதைக் கழட்டிக்கிட்டு வா."

"அக்கா! கழட்டினா மறுபடி அடிக்கணும். கம்பி கட்டினது எல்லாம் வீணாப்போகும். மழைக்கு முன்னாடி உங்க தளம்..."

"எனக்கு மணலே இல்லியேடா. தளத்துக்கு என்ன அவசரம்? ஆள் இருக்கு, சாப்பாடு இருக்கு. கூட்டத்தை வேலை வாங்காம அனுப்பினா அதுதான் பாவம்."

"வேண்டாம் கொமாத்ரே," என்றார் புல்மாரோ. பாளத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் வீடு எப்படியோ போகட்டும்."

"எப்படியோ போனா உங்க பேத்தி மேல போகும். எந்திரிங்க."

நெரேய்தா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். விடுவிடுவென்று தன் வீட்டுக்குப் போய், சென்ட்ரிங்கின் முதல் முட்டுக்கட்டையை அவளே அடித்துக் கழற்றப் பார்த்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி கையில் சுத்தியலைப் பார்த்ததும் ஆண்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. பிடுங்கிக்கொண்டு வேலையில் இறங்கினார்கள்.

அப்புறம் நடந்ததைத் தளம் போட்டதென்று சொல்வதா, தளம் இறக்கியதென்று சொல்வதா! வரிசை அதே வரிசை, சட்டி அதே சட்டி. ஏற்ற வந்தவர்கள் இறக்கினார்கள், அவ்வளவுதான். எதெல்வீனா வீட்டிலிருந்து முட்டும் பலகையும் வந்தன. புல்மாரோ கூடத்துக்கு அடியில் காடு மாதிரி முட்டு நின்றது. சாமான்களை எல்லாம் தெருவில் அடுக்கினோம். கட்டில், கோவில் படங்கள், தையல் மெஷின். முதல் அடி யார் அடிப்பது என்று எல்லாரும் தயங்கினார்கள். வெள்ளைச் சட்டையோடு புல்மாரோதான் மேலே ஏறிக் கடப்பாரையைப் போட்டார். போட்ட பிறகு நிறுத்தவில்லை. ஒதிலோன் போய்த் தோளைத் தொட்டு, "மெதுவாண்ணே, ஒரு பக்கமா வாங்க" என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

கொல்லையில் கொதித்த குழம்பைத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே பரிமாறினேன். சுண்ணாம்புத் தூசி படிந்த கையோடு எல்லாரும் ரொட்டியை முறித்துத் தொட்டுத் தின்றார்கள். காலையில் அவளை நன்றி கெட்டவள் என்றவளும் இரண்டு தடவை வாங்கிக்கொண்டாள். ஜாடையாக, "எங்க வீட்டுத் தளத்தையும் ஒரு தட்டுத் தட்டிப் பாக்கச் சொல்லணும்" என்றாள். நேராகக் கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தால் எதெல்வீனா மறுக்கவா போகிறாள்?

வெயில் சாயும்போது கூடத்துக்கு மேல் வானம் தெரிந்தது. எதெல்வீனா வாசலில் கிடந்த காயல் மணலை ஆண்கள் வாரித் தெருப் பள்ளத்தில் கொட்டி நிரவினார்கள். கூட்டம் கலைந்தது. எதெல்வீனாவின் தார்ப்பாய்க்குக் கீழே இரண்டு குடும்பத்துத் தூளிகளையும் நானும் செலரீனாவும் கட்டினோம். செலரீனா தங்கச் சங்கிலியைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு, எதெல்வீனாவோடு பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள். காலையில் சொன்னதற்கு மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. கரி பிடித்த பெரிய பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

புல்மாரோ ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். சட்டை நிறமே மாறியிருந்தது. நான் பீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கவில்லை.

"கொமாத்ரே," என்று கூப்பிட்டார்.

எதெல்வீனா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"உன் பழைய வீட்டுக்கு ரொசேந்தோ படகுல அள்ளின மணல்... படகு கரைக்குத்தான் வரும். கரையிலேர்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது யாரு? என் லாரிதான். நான்தான் அவனைக் காயலுக்குக் கூட்டிக்கிட்டே போனேன். ஆத்துக்கு எதுக்குடா அலையறே, இங்க பாரு வெள்ளைவெளேர்னுன்னு நான்தான் சொன்னேன்." தூசி படிந்த சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "காயல் மணல் கெட்டதுன்னு ஒத்துக்கிட்டா அவனைக் கொன்னது நான்னு ஆயிடும். அதுக்காகத்தான் காலையில அவ்வளவு பேசினேன். என் வீட்டுக் கோட்டுல வருஷா வருஷம் வெள்ளையடிச்சதும் அதுக்குத்தான்."

"எனக்குத் தெரியும்," என்றாள் எதெல்வீனா.

"தெரியுமா?"

"லாரி வந்து நின்னப்ப இறங்கின ரெண்டு பேருக்கும் சோறு போட்டது யாரு? அந்த மணலைக் கையில அள்ளிப் பாத்து, நம்ம வீடு ஜொலிக்கப்போகுதுன்னு குதிச்சது யாரு? நான்தான். நீங்க மட்டும் கொன்னதா எடுத்துக்காதீங்க, அதுல எனக்கும் பங்கு இருக்கு."

புல்மாரோ தேம்பித் தேம்பி அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எதெல்வீனா அவர் பக்கத்தில், அதே கல்லில், இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. அவர் ஓய்கிற வரைக்கும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுது முடிச்சாச்சா?" என்றாள் பிறகு. "காலையில லாரியை எடுங்க. மேலூருக்குப் போவோம். அவங்க கிணறு வத்தினா அவங்களுக்கும் வயித்தெரிச்சல் இருக்கும்ல? கேட்டுக்குவோம். எங்க அள்ளலாம், எவ்வளவு அள்ளலாம்னு அவங்களே காட்டட்டும். அதுக்கு மேல ஒரு சட்டி கூட எடுக்க வேண்டாம். மாட்டேன்னா அந்தப் பாறாங்கல்லு மேலயே உக்காந்துக்கறேன்."

"நீயா? உன்னை அவங்க ஒரு நாள்கூடத் தாங்க மாட்டாங்க," என்றார் புல்மாரோ, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அதுக்குத்தான் வர்றேன்."

"எத்தனை வீட்டுக்கு மணல் கேக்குறது?"

எதெல்வீனா தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். பூகம்பத்துக்குப் பிறகு எழும்பின வீடுகள், ரோஜா, மஞ்சள், பச்சை என்று வரிசையாக நின்றன. எல்லாம் காயல் மணல்தான். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"முதல்ல நம்ம ரெண்டு வீட்டுக்குக் கேப்போம்," என்று எழுந்தாள். "மத்த வீடுங்களுக்கு நான் நாளன்னைக்கு சுத்தியலை எடுத்துக்கிட்டுப் போறேன். நீங்களும் கூட வரணும் கொம்பாத்ரே. நான் மட்டும் போனா கதவைத் திறக்க மாட்டாங்க."